முள் குத்திய இடம் ஆறவில்லையா? குமரி மாவட்டத்து உழைப்பாளிகளுக்குப் பூஞ்சைத் தொற்று பற்றிய முழு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் கைகால் கீறாமல் பிழைப்பு நடத்துவது கடினம். அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு புதருக்குள் நடக்கிறார்கள். தோவாளையில் ரோஜா முள் குத்துகிறது. பனை மட்டையின் கருக்கு முழங்கையை ரம்பம் போல இழுத்துவிடுகிறது. தும்பு ஆலையில் விரல் நுனியில் சிராம்பு ஏறுகிறது. இந்தக் காயங்களில் மிகப் பெரும்பான்மையானவை யாரும் கவனிக்காமலே ஆறிப்போகின்றன. ஆறாமல் நின்றுவிடும் சிலவற்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஆறியது போலக் காட்டிவிட்டுச் சில வாரம் கழித்து அதே இடத்தில் கட்டியாக எழும்புபவையும் இதில் அடங்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் கேட்காத புண்ணுக்கு அடுத்து வேண்டியது மூன்றாவது ஆன்டிபயாடிக் அல்ல, அந்தப் புண்ணிலிருந்து எடுத்த ஒரு துண்டுச் சதை. அதை உரிய பரிசோதனைக்கு அனுப்புவது வரை என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன செய்யக் கூடாது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

"எனக்குச் சுகர் இல்லையே, எப்படி வரும்?"

பூஞ்சை என்றாலே உடல் பலவீனமானவர்களுக்கு வருவது என்ற எண்ணம், கரோனா காலத்தில் கறுப்புப் பூஞ்சைச் செய்திகளைப் படித்த பிறகு நன்றாக ஊறிவிட்டது. அது பாதி உண்மைதான். படர்தாமரை, விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் போன்றவை தோலின் மேற்பரப்பில் வாழும் பூஞ்சைகளாலும் ஈரத்தாலும் வருபவை. அவற்றுக்குக் காயமே தேவையில்லை. நாம் பேசும் வகை வேறு. மண்ணிலும், மட்கிய மரத்திலும், காய்ந்த முள்ளிலும் வாழும் பூஞ்சை, ஒரு குத்தலில் தோலுக்கு அடியில் நடப்பட்டுவிடுகிறது. தோல் என்ற மதிலை முள்ளே தாண்டிக் கொடுத்துவிடுவதால், நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள முப்பது வயதுக்காரருக்கும் இது வரும். இவற்றில் சில பூஞ்சைகளின் செல்சுவரில் மெலனின் என்ற கறுப்பு நிறமி இருக்கிறது. நம் வெள்ளை அணுக்கள் அவற்றை எளிதில் அழிக்க முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உலகச் சுகாதார நிறுவனம் பாதம் வீங்கிச் சீழ் வடியும் மைசெட்டோமாவை 2016-இலும், மரு போல வளரும் குரோமோபிளாஸ்டோமைக்கோசிஸ் உள்ளிட்ட ஆழ்பூஞ்சை நோய்களை 2017-இலும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வெறுங்காலோடு வயலிலும் தோட்டத்திலும் நிற்பவர்களின் நோய் என்பதால்தான் இத்தனை காலம் யாரும் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

முதல் படி: காயம் பட்ட அந்த அரை மணி நேரம்

ஓடும் நீரில் கழுவுங்கள். தோட்டத்தில் குழாய் இருக்காது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் ஒரு துளையிட்டு அழுத்தினால் பீய்ச்சி அடிக்கும் நீர் கிடைக்கும். கால்வாய் நீரோ ஓடை நீரோ வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் நிதானமாகக் கழுவ வேண்டும். மருந்து போடுவதைவிட இதுதான் முக்கியம். மண்ணும் மரத்தூளும் வெளியே போனால் பூஞ்சையின் வித்துகளும் பெருமளவு போய்விடும்.

முள்ளோ சிராம்போ உள்ளே இருந்தால், கொதிக்க வைத்த ஊசியாலும் சிறு இடுக்கியாலும் அது ஏறிய திசையிலேயே பின்னோக்கி இழுங்கள். அமுக்கிப் பிதுக்குவது பெரிய தவறு. காய்ந்த பனஞ்சிராம்பு உள்ளேயே இரண்டாக ஒடிந்துவிடும். துண்டு உள்ளே தங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மரச் சிராம்பு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அதைக் காட்டுவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். "எக்ஸ்ரே எடுத்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகத் திரும்பி வந்தவருக்கு மாதக்கணக்கில் சீழ் வடிவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

இனி, நம் ஊர் வழக்கம். வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கசக்கிப் பிழிவது, காப்பித்தூள் அப்புவது, சுண்ணாம்பு தடவுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது. வெட்டுக்காயப் பூண்டின் சாற்றில் இரத்தத்தை நிறுத்தும் குணம் இருக்கலாம். அதைப் பற்றி நான் சண்டை போடவில்லை. ஆனால் வரப்போரம் பறித்த கழுவாத இலையைச் சேறு படிந்த உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் திறந்த காயத்துக்குள் விடுவது, கழுவி வெளியேற்றியதை வேறு வழியில் உள்ளே அனுப்புவதுதான். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும்.

டெட்டனஸ் ஊசி: மண் படிந்த, ஆழமான காயம் என்றால் கடைசியாகப் போட்டு 5 ஆண்டுகள் தாண்டியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள், சுத்தமான சிறு காயத்துக்கு 10 ஆண்டுகள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். இந்த ஊசி பூஞ்சையைத் தடுக்காது. "ஊசி போட்டாயிற்றே" என்று புண்ணை மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் படி: தேதியைக் குறித்து வையுங்கள்

இது சின்ன வேலை. ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி இங்கேதான் இருக்கிறது. காலண்டரில் "வலது கை, ரோஜா முள்" என்று எழுதிவிடுங்கள். செல்போனில் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். வாரம் ஒரு முறை அதே இடத்தைப் படம் எடுத்தால் போதும்.

ஏன் என்றால், ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற தொற்று முள் குத்திச் சில நாள் முதல் சில மாதம் வரை கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் முதல் காயம் ஆறி, நீங்கள் அதை மறந்திருப்பீர்கள். குரோமோபிளாஸ்டோமைக்கோசிஸ் இன்னும் மெதுவானது, ஆண்டுக்கணக்கில் வளரும். மருத்துவர் "அடி ஏதாவது பட்டதா?" என்று கேட்கும்போது "இல்லை டாக்டர்" என்று பதில் வருவது பொய்யால் அல்ல, மறதியால்.

மூன்றாம் படி: எப்படித் தோன்றினால் எதைச் சந்தேகிக்க வேண்டும்

கையில் ஒரு சிறு கட்டி. சிவந்திருக்கிறது, அவ்வளவாக வலி இல்லை. பின் உடைந்து புண்ணாகிறது. சில வாரத்தில் அதற்கு மேலே, முழங்கையை நோக்கி, கயிற்றில் முடிச்சுப் போட்டது போல வரிசையாக இன்னும் இரண்டு மூன்று கட்டிகள். காய்ச்சல் இல்லை, ஆள் நன்றாக வேலைக்குப் போய் வருகிறார். இது ஸ்போரோட்ரிகோசிஸின் முகம். நிணநீர்க் குழாய் வழியே பூஞ்சை ஏறுவதால் அந்த வரிசை வருகிறது. 1898-இல் அமெரிக்காவில் ஷெங்க் என்ற மருத்துவ மாணவர் இதை முதலில் விவரித்தார். ஸ்போரோத்ரிக்ஸ் என்ற அந்தப் பூஞ்சை மண்ணில் நூல்நூலாகப் படர்ந்திருக்கும்; உடல் வெப்பத்துக்குள் வந்ததும் ஈஸ்ட் செல்களாக உருமாறிவிடும். இந்தியாவில் இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும்தான் அதிகம். தெற்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது. ஆகவே நம் பக்கத்து மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுவாக இருக்காது.

ஆனால் அதே வரிசைக் கட்டிகள் குளச்சலிலோ முட்டத்திலோ மீன் முள் குத்தியவருக்கு வந்தால் கதை வேறு. மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியாவும் அச்சாக இப்படியே செய்யும். அது 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்தான் நன்றாக வளரும் என்பதால், "மீன் முள்" என்ற இரண்டு சொல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வழக்கமான 37 டிகிரியில் வைத்துவிட்டு "ஒன்றும் வளரவில்லை" என்று எழுதிவிடக்கூடும். பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பகுதியில் வசிப்பவர்களுக்கு இன்னொன்று: மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் காணி மக்களிடையே மணல் ஈ கடித்து வரும் தோல் லெஷ்மேனியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் பதிவாகியுள்ளது. ஊரையும் தொழிலையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்லச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது முகம் காலில் வருவது. கணுக்காலிலோ பாதத்தின் மேலோ ஒரு மரு. அது மெதுவாகப் பரந்து காலிஃபிளவர் பூவைப் போலச் சொரசொரப்பாகிறது. சொறிந்தால் சிறிது இரத்தம் கசியும். கூர்ந்து பார்த்தால், வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது, அந்த மருவின் மேல் மிளகுத் தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இதுதான் குரோமோபிளாஸ்டோமைக்கோசிஸ். உடல் பூஞ்சையைத் தோலின் மேற்பரப்பு வழியாக வெளியே தள்ள முயலும் இடங்கள் அந்தப் புள்ளிகள். மழை மிகுந்த கேரளத்தில் விவசாயிகளிடமும் ரப்பர்த் தொழிலாளர்களிடமும் இது பதிவாகியிருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் மண்ணும் மழையும் தொழிலும் அதே வகையைச் சேர்ந்தவை என்பதை நினைவில் வையுங்கள். தோல் காசநோயும் இதே உருவில் வரும் என்பதால் பார்வையை மட்டும் நம்பி மருந்து தொடங்குவது சரியல்ல. பல ஆண்டு விட்டுவிட்டால் கால் வீங்கி யானைக்காலைப் போலாகலாம். அரிதாக அந்தப் புண்ணில் புற்றுநோயும் வரலாம்.

மூன்றாவது, மைசெட்டோமா. பாதம் வீங்கும், பல துளைகள் வழியே சீழ் வரும், சீழில் கறுப்பு அல்லது வெள்ளை மணிகள் இருக்கும். 1842-இல் மதுரையில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர் விவரித்த நோய் இது. மதுரைக் கால் என்றும் பெயர். வறண்ட நிலங்களில்தான் அதிகம். மணிகள் வந்தால் கழுவி எறியாமல், சுத்தமான சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதே நோயைப் பூஞ்சையும் உண்டாக்கும், பாக்டீரியாவும் உண்டாக்கும். இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு.

காத்திருக்கவே கூடாதது ஒன்று

மேலே சொன்னவை எல்லாம் பொறுத்துப் பார்க்க நேரம் தருபவை. ஒன்று மட்டும் தராது. பைக்கில் சறுக்கி விழுந்து தொடை உரிந்து மண் ஏறியது, மரம் விழுந்து சதை நசுங்கியது, வெள்ளத்தில் அடித்துச் சென்று காயம்பட்டது: இப்படிப்பட்ட காயத்தின் ஓரம் சில நாட்களுக்குள் கறுத்து, கறுப்பு மணிக்கணக்கில் பரவி, வலி காயத்தின் அளவுக்கு மிஞ்சியதாக இருந்தால் அது மியூகார்மைக்கோசிஸாக, அதாவது கரோனா காலத்தில் பேசப்பட்ட கறுப்புப் பூஞ்சை நோயாக இருக்கலாம். சில சமயம் புண்ணின் மேல் பஞ்சு போல வெள்ளையாகப் படரும். மண்ணில் வாழும் அபோஃபைசோமைசிஸ் என்ற பூஞ்சை முழு ஆரோக்கியமானவர்களையே தாக்கும். 2011-இல் அமெரிக்காவின் ஜாப்ளின் நகரைச் சூறாவளி தாக்கியபின் காயம்பட்டவர்களில் 13 பேருக்கு இது வந்தது. 5 பேர் இறந்தார்கள். நம் கரையையும் தாக்கிய 2004 சுனாமிக்குப் பிறகு, இலங்கையில் காயம்பட்டுத் தப்பிய ஒருவருக்கும் தோலில் மியூகார்மைக்கோசிஸ் வந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இதற்கு மருந்துக் கடை கிடையாது, கிளினிக் கிடையாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு அன்றே போங்கள். செத்த சதையை வெட்டி எடுப்பதும் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை நரம்பு வழியே ஏற்றுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

கண் பற்றி ஒரு வரி. கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைக் காலங்களில் நெல் தாளோ உமியோ கண்ணில் கீறினால் அதே மண் பூஞ்சைகள் கருவிழியில் புண் உண்டாக்கும். வீட்டில் இருக்கிற சொட்டு மருந்து எதையும் கண்ணில் ஊற்றாமல், மறுநாளைக்குள் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்காம் படி: கடையில் நிற்கும்போது

"அண்ணாச்சி, புண்ணுக்கு நல்ல ஆயின்மென்ட் ஒன்று தாருங்கள்." இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ நோயைக் குழப்பியிருக்கிறது. கையில் கிடைப்பது பெரும்பாலும் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த கிரீம். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் இரண்டே நாளில் அடக்கும். உள்ளே பூஞ்சை சுகமாக வளரும். பிறகு தோல் மருத்துவரிடம் போகும்போது புண்ணின் உண்மை உருவமே மாறியிருக்கும்.

டியூபைத் திருப்பிச் சிறு எழுத்தைப் படியுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. 2018 முதல் தோலில் தடவும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் கடை வாசலில் நின்றுகொண்டிருக்காது என்பதால் நீங்கள்தான் படிக்க வேண்டும். ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சைக் கிரீமும் இங்கே உதவாது. தோலுக்கடியில் நடப்பட்டதை மேலே தடவி எட்ட முடியாது.

ஐந்தாம் படி: மருத்துவரிடம் என்ன கேட்பது

மூன்று வாரத்தில் ஆறாத புண், ஆறிய இடத்தில் எழும்பிய கட்டி, வரிசையாகக் கட்டிகள், வளரும் மரு. இவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு போதும். தடவியது, விழுங்கியது எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள். காலி அட்டைகளையும் டியூப்களையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

கறுப்புப் புள்ளி உள்ள மரு என்றால், அந்தப் புள்ளிகளையே சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் விடை கிடைக்கக்கூடும். செம்பு நிறத்தில், குறுக்கும் நெடுக்கும் சுவர் கொண்ட உருண்டைச் செல்கள் தெரியும். செலவு குறைந்த, விரைவான சோதனை இது. வரிசைக் கட்டிகளுக்கு இது அவ்வளவாக உதவாது. ஸ்போரோத்ரிக்ஸ் சதையில் மிகக் குறைவாகவே இருக்கும். அதை வளர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் காரியம் அடிக்கடி கெட்டுப்போகிறது. பயாப்சி எடுத்த சதைத் துண்டு வழக்கமாக ஃபார்மலின் உள்ள பாட்டிலில் விழும். நோய்க்குறியியல் ஆய்வுக்கு அது சரி. ஆனால் ஃபார்மலினில் விழுந்த நொடியே பூஞ்சை செத்துவிடும். பிறகு அதை எதிலும் வளர்க்க முடியாது. வளர்ப்புச் சோதனைக்கு இன்னொரு துண்டு, கிருமி நீக்கிய சலைன் உள்ள தனிப் பாட்டிலில், நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஆகவே பயாப்சிக்கு முன்பே பணிவாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்: "டாக்டர், பூஞ்சை வளர்ப்புக்கும் காசநோய்ச் சோதனைக்கும் தனித் துண்டு அனுப்புகிறீர்களா?" இதைக் கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் இந்த நினைவூட்டலை நல்ல மருத்துவர்கள் வரவேற்பார்கள்.

வளர்ப்பு முடிவுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். நான்காம் நாள் "வளர்ச்சி இல்லை" என்று தாள் வந்தால் அது பாக்டீரியா பற்றிய முடிவு. பூஞ்சைக்கான இறுதி முடிவு அல்ல. வாங்கும்போதே எது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நீண்ட மருந்து

ஸ்போரோட்ரிகோசிஸுக்கு இட்ராகோனசோல் மாத்திரை பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம். புண் ஆறிய பிறகும் சில வாரம் தொடர வேண்டும். பழைய, மலிவான பொட்டாசியம் அயோடைடு சொட்டு மருந்தும் இன்றுவரை பயன்படுகிறது. வாயில் உலோகச் சுவை வரும். தைராய்டுக் கோளாறு உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். குரோமோபிளாஸ்டோமைக்கோசிஸ் பிடிவாதமானது. சிறியதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தாலோ, திரவ நைட்ரஜனால் உறைய வைத்தாலோ தப்பிக்கலாம்; பெரிதானால் இட்ராகோனசோல், டெர்பினாஃபின் என்று ஆறு மாதம், ஓராண்டு, அதற்கு மேலும் ஆகும். வெப்பத்தை இந்தப் பூஞ்சைகள் தாங்கா என்பதால் ஒத்தடம் துணைச் சிகிச்சையாகச் சொல்லப்படுவதுண்டு. மருத்துவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். மரத்துப்போன பாதத்தைத் தணலில் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு.

இட்ராகோனசோல் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரையும் கூடவே இதையும் போட்டுக்கொண்டால் மருந்தில் பெரும்பகுதி வீணாகிறது. ரப்பர் வெட்டுகிறவர் அதிகாலை கட்டன் சாயா குடித்துவிட்டுக் கிளம்புபவர். அவருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. இதயம் பலவீனமானவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. இடையிடையே கல்லீரல் பரிசோதனை தேவைப்படும். சாப்பிட்டும் முன்னேற்றம் இல்லையென்றால் கம்பெனியை மாற்றிப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எல்லா நிறுவனத்தின் கேப்சூலும் ஒரே தரத்தில் உடலில் சேர்வதில்லை.

பெரும்பாலோர் மருந்தை விடுவது இரண்டாம் மாதத்தில். கட்டி வற்றிவிடுகிறது, பணம் கரைகிறது, ஆசாரிப்பள்ளத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. அந்த நாள் கூலிக் கணக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு மாத மருந்தை ஒரே தடவையில் எழுதித் தர முடியுமா, ரத்தப் பரிசோதனையை ஊருக்கு அருகில் செய்துகொண்டு முடிவை மட்டும் கொண்டுவரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பல மருத்துவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

வேலையும் வீடும்

மருந்து சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகலாம். புண்ணை மூடிக் கட்டி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, முள் வேலைக்குத் தடித்த கையுறை. ஆடி மழையில் பூட்ஸ் உள்ளே நனைந்தால் அதுவே சேற்றுப்புண்ணுக்கு வழி. மாலையில் கவிழ்த்து வைத்துக் காய விடுங்கள், விரலிடுக்கைத் துடையுங்கள். சிராம்பு அதிகம் ஏறும் தும்பு வேலையில் கையுறை போட்டால் விரல் ஓடாது என்பார்கள். குறைந்தது நடு மூன்று விரல்களுக்காவது துணிச் சுற்றுப் போடலாம்.

முள் குத்தி வரும் இந்த ஆழ்பூஞ்சைகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதாகப் பயப்படத் தேவையில்லை. பிரேசிலில் பூனைக் கீறல் மூலம் பரவும் ஸ்போரோத்ரிக்ஸ் வகை ஒன்று இருக்கிறது. அது அங்குள்ள கதை. வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கலாம், சமைக்கலாம். கட்டு மாற்றிய பஞ்சை உறையில் கட்டிக் குப்பையில் போட்டுக் கைகழுவினால் போதும்.